கூடாரமும் வீடுதான்

திருமறை குர்ஆனில் "அந்நஹ்ல்" என்னும் பதினாறாம் அத்தியாயத்தை ஓதிச் செல்வோர், இறைவன் மனிதனுக்கு அருளியுள்ள கொடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே எடுத்துரைக்கப்படுவதைக் காண்பர். மழை, பால், தேன், நிழல் என்று வரும் அந்த வரிசையில் வீடும் ஒரு கொடையாகக் குறிப்பிடப்படுகிறது. மனிதர்களின் இல்லங்களை அவர்களுக்கு அமைதி தரும் இடமாக ஆக்கியவன் அல்லாஹ்வே என்று 80ஆம் வசனம் தொடங்குகிறது. அடுத்து, கால்நடைகளின் தோல்களால் ஆன கூடாரங்களை அது நினைவூட்டுகிறது. பயணம் புறப்படும் நாளிலும் தங்கும் நாளிலும் அவை சுமக்க எளியவை என்கிறது. செம்மறியின் கம்பளியும் ஒட்டகத்தின் மென்மயிரும் வெள்ளாட்டின் உரோமமும் வீட்டுப் பொருள்களாவதைச் சொல்லி, இவையெல்லாம் ஒரு காலம் வரையிலான வசதிகளே என்ற எச்சரிக்கையோடு முடிக்கிறது.

மாளிகைவாசிக்கும் நாடோடிக்கும் ஒருங்கே பேசும் இவ்வசனத்தைச் சிந்திக்கும்போது, ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் ஓவியர் தீட்டிய படம் ஒன்று நம் கருத்தில் எழுகிறது. ஈரான் நாட்டின் தப்ரீஸ் நகரில் 1540ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்ட அப்படம், இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "நாடோடிகளின் பாளையம்" என்பது அதற்கு அங்கே வழங்கும் பெயர். தீட்டியவர் மீர் சையித் அலீ என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இவர் பின்னாளில் நம் இந்தியாவுக்கு வந்து, முகலாய ஓவியக் கலைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரானார். அவர் படத்தை வைத்துக்கொண்டு, "வீடு என்பது யாது?" என்ற கேள்வியை இன்று ஆராய்வோம்.

ஓவியம் பற்றி ஆலிம் பேசலாமா?

வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவதைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கைகள் ஹதீஸ் நூல்களில் தெளிவாக இடம்பெற்றுள்ளன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் பொறித்த திரையொன்றைத் தொங்கவிட்டிருந்தபோது, பெருமானார் அதனை விரும்பவில்லை. அன்னையார் அதனைக் கிழித்துத் தலையணைகளாக்கிக் கொண்டார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதன் அடிப்படையில் பெரும்பாலான உலமாக்கள் உருவப் படங்களை மாட்டி மதிப்பளிப்பதைத் தடுத்துள்ளனர். ஆகவே இப்படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள் என்று நாம் கூற வரவில்லை.

மீர் சையித் அலீ பணிபுரிந்த அரசவையிலேயே இந்த மனப்போராட்டம் நிகழ்ந்தது. ஈரானை ஆண்ட ஷா தஹ்மாஸ்ப், இளமையில் தாமே தூரிகை பிடித்துப் பழகியவர். ஓவியர்களை அள்ளி அணைத்தவர். நாளடைவில் அவர் மனம் மாறிற்று. 1540களின் நடுப்பகுதி முதல் ஓவியத்தின்பால் அவருக்கிருந்த ஆர்வம் குன்றியது. ஆதரவு குறைந்த ஓவியர்கள் வேறு வாயில்களை நாடினர். அவர்களுள் இருவர் இந்தியா வந்தனர். ஓவியக் கலையில் ஓர் அரசருக்கு ஏற்பட்ட சலிப்பு, இன்னொரு நாட்டின் கலை வரலாற்றுக்கு வித்தாக அமைந்தது.

ஒரு காலத்து முஸ்லிம் சமுதாயம் குடும்பத்தை எவ்வாறு நோக்கியது என்பதற்கான சான்றாக மட்டுமே இப்படத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். பழைய கல்வெட்டையும் நாணயத்தையும் ஆராய்வதற்கு ஒப்பானது அது.

படத்தில் இருப்பவர் யார்?

படம் பெரியதன்று, ஓர் அடி உயரங்கூட இல்லை. அந்தச் சிறு தாளுக்குள் ஒரு முழுப் பாளையமே அடங்கியிருக்கிறது. பல வண்ணக் கோலங்கள் நிறைந்த கூடாரங்கள் நெருங்கி நிற்கின்றன. ஒரு கூடாரத்தில் பெரியவர்கள் அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே பெண்கள் தத்தம் வேலைகளில் மூழ்கியுள்ளனர். அடுப்பு எரிகிறது, உணவு தயாராகிறது. ஒரு தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். ஆடுகள் ஒருபுறம். எவரும் நம்மைப் பார்க்கவில்லை. எவரும் சும்மாவும் இல்லை.

இதே ஓவியர் அதே ஆண்டுகளில் தீட்டிய மற்றொரு படம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஷா தஹ்மாஸ்புக்காக ஹிஜ்ரி 946 முதல் 950 வரை, அதாவது 1539 முதல் 1543 வரை எழுதப்பட்ட "கம்ஸா" என்னும் ஐந்நூல் தொகுப்பின் பிரதியில் அது இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பை இயற்றியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் நிஜாமி கஞ்சவி. அதிலுள்ள லைலா-மஜ்னூன் கதை அரபு நாட்டுப் பாலைவனக் குலம் ஒன்றில் நிகழ்வது. காதலால் பித்தனான மஜ்னூனை ஒரு முதியவள் சங்கிலியிட்டு லைலாவின் கூடாரத்துக்கு அழைத்துவரும் காட்சியை மீர் சையித் அலீ தீட்டியிருக்கிறார். சிறுவர்கள் அவன்மீது கல்லெறிகிறார்கள். லைலா தன் கூடாரத்தில் அமர்ந்திருக்கிறாள். கதை இவ்வளவுதான். ஆயின் ஓவியர் கதையோடு நிற்கவில்லை; சுற்றியுள்ள கூடாரங்களையும் மந்தையையும் பாளையத்தின் அன்றாட வாழ்வையும் அதே பொறுமையோடு வரைந்திருக்கிறார்.

அரசர்களின் நூல்களுக்காகப் படம் தீட்டியவர்கள் பெரும்பாலும் எவற்றைத் தீட்டினார்கள்? அரியணை, வேட்டை, போர், விருந்து. அத்தகைய ஓர் அரசவையில் அமர்ந்து இம்மனிதர் பாலூட்டும் தாயையும், அடுப்பெரிக்கும் பெண்ணையும், ஆட்டு மந்தையையும் பொன்னும் நீலமும் குழைத்துத் தீட்டினார். அரசரின் மேலங்கிக்குச் செலவிடும் நுணுக்கத்தைக் கூடாரத் துணியின் ஒவ்வொரு பூவுக்கும் செலவிட்டார். குடும்ப வேலை இழிவானதன்று, கண்ணெடுத்துக் காணத் தக்கது என்பதை அவர் தூரிகை சொல்லாமல் சொல்லிவிட்டது.

ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கதை அரபுப் பாலையைச் சேர்ந்தது. பதவி அரபிகளின் கூடாரமோ கரிய வெள்ளாட்டு உரோமத்தால் நெய்யப்பட்டது. அரபியில் அதனை "பைத்துஷ் ஷஅர்", அதாவது மயிர்வீடு என்பர். அதன் துணியை நெய்வதும் கூடாரத்தை அடிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலையே. ஓவியர் வரைந்ததோ தம் நாட்டு மேய்ச்சல் நிலங்களில் தாம் கண்ட வண்ணக் கூடாரங்களை. அரபுப் பாலை அவர் தூரிகையில் ஈரானியப் பசும்புல் வெளியாகிவிட்டது. இதனைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை. தாய் பிள்ளைக்குப் பாலூட்டுவது எந்த மண்ணிலும் ஒன்றுதானே?

வீடிழந்த அரசர்

இந்த ஓவியரை இந்தியாவுக்கு அழைத்தவரும் கூடார வாழ்வைத் துயரோடு அறிந்தவர் என்பது கருதத் தக்கது. பேரரசர் ஹுமாயூன் 1539இல் சௌசாவிலும் 1540இல் கன்னௌஜிலும் ஷேர் ஷாவிடம் தோற்று, நாடிழந்து அலைந்தார். 1542ஆம் ஆண்டுக் கோடையில் தார்ப் பாலைவனத்தைக் கடந்தபோது தண்ணீரின்றி உடன்வந்தோர் பலர் மடிந்தனர். அவருடைய இளம் மனைவி ஹமீதா பானு அப்போது கருவுற்றிருந்தார். அமர்கோட்டையின் ராஜபுத்திர அரசர் அவர்களுக்குப் புகலிடம் தந்தார். அங்கேதான் 1542 அக்டோபரில் அக்பர் பிறந்தார். முஸ்லிம் அரசரின் மகன் ஓர் இந்து அரசரின் நிழலில் பிறந்தான் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

மகன் பிறந்த செய்தி எட்டியபோது ஹுமாயூன் சில காத தூரத்தில் பாளையமிட்டிருந்தார். உடனிருந்தோருக்குப் பரிசளிக்க அவரிடம் பொருளில்லை. ஒரு கஸ்தூரிப் பையை உடைத்து அனைவருக்கும் பகிர்ந்தளித்தார் என்று, அவருக்குத் தண்ணீர்க் குவளை ஏந்திப் பணிசெய்த ஜௌஹர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். மறு ஆண்டிலேயே பகைவருக்கஞ்சி, அக்கைக்குழந்தையைப் பின்னே விட்டுவிட்டு ஈரானுக்கு ஓட நேர்ந்தது. அரண்மனை இருந்தும் வீடில்லாத நிலை எது என்று அறிய விரும்புவோர் அந்தத் தாய் தந்தையின் இரவுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

ஈரானில் ஷா தஹ்மாஸ்பின் விருந்தினராயிருந்த ஹுமாயூன், அங்குள்ள ஓவியர்களை அறிந்தார். அவர் அழைப்பை ஏற்று மீர் சையித் அலீயும் அப்துஸ் ஸமதும் 1549இல் காபூலில் அவரிடம் வந்து சேர்ந்தனர். 1555இல் அவரோடு தில்லிக்கு வந்தனர். பின்னர் அக்பர் ஆட்சியில் "ஹம்ஸா நாமா" என்னும் மாபெரும் நூலுக்குப் படம் தீட்டும் பணி மீர் சையித் அலீயின் மேற்பார்வையில் தொடங்கிற்று. ஏறத்தாழ 1,400 படங்கள். அவை பருத்தித் துணியின்மீது தீட்டப்பட்டவை. பஞ்சையும் நூலையும் நம்பி வாழும் கோவை மாவட்டத்தார்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அப்பணி முடியுமுன்னரே மீர் சையித் அலீ ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். எஞ்சியதை அப்துஸ் ஸமத் முடித்தார். தப்ரீஸில் தொடங்கிக் காபூல், தில்லி வழியே கஅபாவை நோக்கிய வாழ்வு அது. கூடாரங்களைத் தீட்டியவர் தாமும் ஓரிடத்தில் வேரூன்றவில்லை. கவிதை எழுதும்போது அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் "ஜுதாயீ". பிரிவு என்பது அதன் பொருள்.

பைத்தும் ஸகனும்

மீண்டும் திருமறைக்கு வருவோம். அரபு மொழியில் வீட்டுக்கு "பைத்" என்று பெயர். இரவைக் கழித்தல் என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. மனிதன் இரவு தலைசாய்க்கும் இடமெல்லாம் பைத்துதான். ஆகவேதான் மேற்குறித்த வசனம் கல்வீட்டுக்கு எச்சொல்லை ஆள்கிறதோ, தோலால் ஆன கூடாரத்துக்கும் அதே சொல்லை ஆள்கிறது. மனிதர் வகுத்த தரவேறுபாடு இறைவனின் சொல்லில் இல்லை.

வீட்டின் பயனைக் குறிக்க இறைவன் தேர்ந்த சொல் "ஸகன்". அசைவு அடங்கி அமைதி பெறும் இடம் என்பது அதன் கருத்து. குர்ஆன் ஓதப் பழகும் நம் சிறுவர்கள் எழுத்தின் மேலுள்ள "ஸுகூன்" என்ற அடையாளத்தை அறிவார்கள். எழுத்து அசையாது நிற்பதைக் காட்டும் குறி அது. அச்சொல்லும் இச்சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இனி, "அர்ரூம்" அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தைக் காண்க. கணவன் மனைவியரைப் படைத்ததன் நோக்கத்தைக் கூறுமிடத்திலும் இறைவன் அதே வேர்ச்சொல்லையே எடுத்தாள்கிறான். ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதற்காக என்கிறான். அன்பையும் இரக்கத்தையும் அவர்களிடையே ஏற்படுத்தியதாகச் சொல்கிறான்.

இரு வசனங்களையும் இணைத்து நோக்கின் உண்மை விளங்கும். வீடு தருவதும் அமைதி, வாழ்க்கைத் துணை தருவதும் அமைதி. துணையிடம் அமைதி இல்லையெனில் சுவரிடம் அது எங்கிருந்து வரும்? பளிங்குத் தரையிட்ட இல்லத்தில் நாளெல்லாம் சச்சரவு நிகழ்ந்தால் அது கட்டடமேயன்றி ஸகன் ஆகாது. ஓலைக் குடிசையில் அன்பும் இரக்கமும் நிலவினால் அது ஸகன்.

இதனால் சொந்த வீட்டை விரும்புவது குற்றமென்று கொள்ளலாகாது. விசாலமான இல்லமும், நல்ல அண்டை வீட்டாரும், நற்குண மனைவியும், இசைந்த வாகனமும் மனிதனின் நற்பேறுகளைச் சேர்ந்தவை என்று நபிமொழி கூறுகிறது. அவ்வாறே கூடார வாழ்வு என்பதனாலேயே ஒருவர் புனிதராகிவிடுவதுமில்லை. "அத்தவ்பா" அத்தியாயத்தில் பாலைவன அரபிகளுள் நிராகரிப்பில் கடுமையானோர் உண்டென்று சொல்லும் இறைவன், அவர்களுள் மெய்யாக நம்பிக்கை கொண்டோரும் உண்டென்று சில வசனங்களுக்குள்ளேயே கூறிவிடுகிறான். வீட்டின் வகையைக் கொண்டு மனிதரை எடைபோடுதல் இரு திசையிலும் தவறாகும்.

கூடாரத்துத் தாய்மார்

படத்தில் பாலூட்டும் அந்தத் தாயைக் காணும் முஸ்லிமுக்கு அன்னை ஹலீமா நினைவுக்கு வராதிருக்க முடியாது. பனூ ஸஅது குலத்துப் பெண்கள் மக்காவுக்குப் பாலூட்டும் குழந்தைகளைத் தேடி வந்த ஆண்டு கொடிய பஞ்ச ஆண்டு. ஹலீமா ஏறிவந்த கழுதை மெலிந்து பின்தங்கியது. உடனிருந்த பெண்ணொட்டகத்தின் மடியில் ஒரு சொட்டுப் பாலில்லை. தம் சொந்தக் குழந்தை பசியால் இரவெல்லாம் அழுதது. தந்தையற்ற குழந்தையென்று மற்றப் பெண்கள் ஏற்கத் தயங்கிய முஹம்மது (ஸல்) அவர்களை, வெறுங்கையோடு திரும்ப மனமின்றி ஹலீமா ஏற்றார். அதன்பின் மார்பில் பால் சுரந்ததும், ஒட்டகத்தின் மடி நிறைந்ததும் இப்னு இஸ்ஹாக் தொகுத்த வரலாற்றில் விரிவாக உள்ளன. அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவரை வளர்த்தெடுக்கும் பேறு, மக்காவின் மாடங்களை விட்டு ஓர் ஏழையின் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கூடாரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் மறக்கவில்லை. ஹுனைன் போருக்குப்பின் ஹவாஸின் கூட்டத்தாரோடு சிறைப்பட்டு வந்த ஒரு பெண், தாம் ஹலீமாவின் மகள் ஷைமா என்று கூறித் தம்மை அறிவித்தார். சிறுவயதில் தம்மைத் தூக்கி வளர்த்த அச்சகோதரிக்குப் பெருமானார் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள். வெற்றி பெற்ற தலைவர், கூடாரத்துச் சகோதரிக்குத் தம் ஆடையையே விரிப்பாக்கினார்கள்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் அன்னை ஹாஜரா (அலை) அவர்களைக் காண்கிறோம். மக்காவுக்கு மக்கா என்ற பெருமை வருமுன், அங்கே இருந்தது ஒரு தாயும் ஒரு பாலகனும் மட்டுமே. ஸம்ஸம் ஊற்று பெருகியபின், பறவைகள் வட்டமிடுவதைக் கண்டு ஜுர்ஹும் குலத்து நாடோடிகள் அங்கு வந்தனர். கூட்டமோ பெரிது, அவர்கள் முன் நின்றவர் தனியொரு பெண். ஆயினும் அவர்கள், தாங்கள் அங்கே தங்கலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டனர். தங்கலாம், ஆயின் நீரின்மீது உங்களுக்கு உரிமையில்லை என்று அவர் நிபந்தனையிட்டார். அவர்களும் இசைந்தனர். புகாரியில் வரும் இந்நிகழ்ச்சி, மக்கா நகரின் பிறப்பைச் சொல்கிறது. ஒரு தாயின் அனுமதியும், நாடோடிகளின் நாணயமும், பகிரப்பட்ட தண்ணீரும் சேர்ந்து அந்நகரை உண்டாக்கின.

நிலைப்படி

அதே நபிமொழியின் தொடர்ச்சி இல்லறத்தார்க்கு ஒரு கண்ணாடியாகும். இஸ்மாயீல் (அலை) அவர்கள் மணமுடித்து வாழ்ந்தபோது, இப்ராஹீம் (அலை) அவர்கள் மகனைக் காண வந்தார்கள். மகன் வேட்டைக்குச் சென்றிருந்தார். மருமகளிடம் வாழ்வு எவ்வாறுள்ளது என்று வினவினார்கள். துன்பமும் நெருக்கடியுமே என்று அவர் முறையிட்டார். நிலைப்படியை மாற்றுமாறு உம் கணவரிடம் சொல் என்று கூறி நபியவர்கள் திரும்பினார்கள். இஸ்மாயீல் (அலை) அதன் உட்பொருளை அறிந்து அப்பெண்ணைப் பிரிந்தார்கள். பின்னொரு முறை வந்தபோது வேறு மனைவி இருந்தார். அதே கேள்வி. நலமாகவும் தாராளமாகவும் இருக்கிறோம் என்று கூறி அவர் இறைவனைப் புகழ்ந்தார். உணவென்னவென்று கேட்டபோது இறைச்சி என்றார். பானமென்னவென்று கேட்டபோது தண்ணீர் என்றார். நிலைப்படியை உறுதியாக வைத்துக்கொள்ளுமாறு செய்தி விடுத்து, அவ்விரண்டிலும் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள்.

இதனைக் காட்டி, முறையிடும் மனைவியை விலக்கத் துணிவோர் இந்நபிமொழியைத் தவறாகக் கையாளுகின்றனர். குறைசொல்லும் நாவு ஆணுக்கும் உண்டு. அன்று அந்த இல்லத்தில் இருந்தவை இறைச்சியும் தண்ணீரும். அவை வீட்டுக்குவீடு மாறவில்லை. மாறியது மனம். நிலைப்படியென்று உவமிக்கப்பட்டது மரமோ கல்லோ அன்று, அங்கு வாழும் மனிதர் என்பது நாம் கொள்ள வேண்டிய பாடம்.

நிலைப்படியைத் தாங்குவது பெண் ஒருத்தியின் பொறுப்பு மட்டுமன்று. பெருமானார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். தம் செருப்பையும் ஆடையையும் தாமே தைத்துக்கொள்வார்கள் என்றும் அறிவிப்பு உள்ளது. மீர் சையித் அலீயின் படத்தில் பெரியவர்கள் கூடாரத்துக்குள் அமர்ந்து பேசுகின்றனர். பெண்கள் வெளியே உழைக்கின்றனர். நம் வீடுகளும் அப்படித்தானே இருக்கின்றன? ஓவியர் உலகம் உள்ளபடி வரைந்தார். நபிவழியோ அதனினும் ஒரு படி மேலே நம்மை அழைக்கிறது.

பீளமேட்டில் சில கூடாரங்கள்

நாடோடி வாழ்வு பாலைவனத்துக்கே உரியதென்று எண்ண வேண்டா. அறுவடை முடிந்த காடுகளில் செம்மறிகளோடு வந்து கிடை அமர்த்தி, மண்ணுக்கு எருவிட்டு, அடுத்த ஊருக்குப் பெயரும் ஆட்டுக்காரர்களைக் கொங்கு நாட்டார் தலைமுறை தலைமுறையாக அறிவர். பீளமேடே பெயர்ந்து வந்தோரால் வளர்ந்த ஊர்தான். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் தொடங்கப்பட்டதையடுத்துக் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தொலைவிலிருந்தும் குடும்பங்கள் வந்து வரிசை வீடுகளில் குடியேறின. ஓரறையும் ஒரு திண்ணையும் பொதுக் குழாயும்தான் அந்த வாழ்வு. அவ்வறைகளில் வளர்ந்தோர் பலர் இன்று மாடி வீடுகளில் இருக்கின்றனர்.

இன்று நம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. பெண் கேட்டு வருவோரும், மாப்பிள்ளை பார்க்கப் போவோரும் தொழுகையையும் குணத்தையும் விசாரிக்குமுன், "சொந்த வீடா, வாடகையா?" என்றே முதலில் கேட்கின்றனர். வாடகை என்ற ஒரு சொல்லில் எத்தனை பேச்சுகள் முறிந்துபோகின்றன! தாடியும் நரைத்த தகப்பனார் தலைகுனிந்து எழுந்து செல்வதை எத்தனை இல்லங்கள் கண்டுள்ளன! மார்க்கப் பற்றும் நற்குணமும் உள்ளவர் பெண் கேட்டு வந்தால் மணமுடித்துக் கொடுங்கள், இன்றேல் பூமியில் பெருங்குழப்பம் விளையும் என்ற பொருளில் நபிமொழி திர்மிதியில் உள்ளது. அங்கே வீட்டுப் பத்திரம் பற்றிய பேச்சில்லை. மணமகனின் பெயரில் வீடு வேண்டுமென்பதற்காக வட்டிக் கடனில் மூழ்கும் குடும்பம், ஸகன் தேடிச் சென்று ஸகனை இழக்கிறது. நிஜாமியின் கதையில் லைலாவின் தந்தை கௌரவம் ஒன்றையே எண்ணி மறுத்தார். விளைவு யாதென்பதை அந்தச் சங்கிலி காட்டுகிறது.

அடுத்து, நம் ஊரின் புதிய கூடாரங்களைப் பார்ப்போம். அவினாசி சாலையை ஒட்டி எழும் பல அடுக்குக் கட்டடங்களில் உழைப்போர் பலர் பீகார், ஒடிசா, வங்கம், அஸ்ஸாம் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். கட்டடம் முடியும்வரை தகரக் கொட்டகை, முடிந்ததும் வேறிடம். சில கொட்டகைகளில் குடும்பங்களும் உண்டு. வாசலில் மூன்று கல் அடுப்பு. கம்பியில் கட்டிய சேலைத் தூளியில் குழந்தை. மதிய இடைவேளையில் ஓடிவந்து பாலூட்டும் தாய். மீர் சையித் அலீ தப்ரீஸில் தீட்டிய காட்சி அப்படியே இங்கே இருக்கிறது. பொன்னும் நீலமும்தான் இல்லை. தொலைதேசத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே அதைக் கண்டால் வியந்து நிற்கும் நாம், நம் தெருமுனையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது முறையாகுமா?

"அந்நிஸா" அத்தியாயத்தின் 36ஆம் வசனம் நன்மை செய்யப்பட வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் ஆகியோருக்குப்பின் உறவுடைய அண்டை வீட்டாரைச் சொல்கிறது. அந்நியரான அண்டை வீட்டாரையும் சொல்கிறது. அருகிலிருக்கும் தோழரையும் வழிப்போக்கரையும் சொல்கிறது. மொழி தெரியாத, ஊர் தெரியாத, நாளை எங்கிருப்பாரென்று அறியாத ஒருவர் இவ்வரிசையின் ஏதேனும் ஓரிடத்தில் வந்தே தீருவார். அவர் எந்தச் சமயத்தவர் என்ற நிபந்தனையை வசனம் விதிக்கவில்லை. குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதற்குச் செல்வம் தேவையில்லை. கூடுதலாக ஒரு செம்பு தண்ணீரும் சிறிது நினைவுமே போதும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சமைக்கும் உணவில் ஒரு பங்கு அந்தக் கொட்டகைக்குச் செல்லட்டும். கோடையில் குடிநீருக்கு ஒரு குழாய் திறந்திருக்கட்டும். ஹாஜரா அம்மையார் முன்பின் அறியாதவர்களுக்கு நீர் தந்த வரலாற்றை ஓதும் சமுதாயமன்றோ நாம்! ஜும்ஆவுக்கு வந்து பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் வெளிமாநிலச் சகோதரரிடம் ஒரு ஸலாமும் ஒரு நலவிசாரிப்பும் இருக்கட்டும். வாடகை வீட்டிலிருந்து வரும் சம்பந்தத்தை, வீட்டைக் கேளாமல் குணத்தைக் கேட்டு ஏற்கும் துணிவு நம் பெரியவர்களுக்கு வரட்டும்.

வசனத்தின் இறுதிச் சொற்களை நினைவிற் கொள்வோமாக. வீட்டுப் பொருள்களெல்லாம் ஒரு காலம் வரையிலான வசதிகளே. கூடாரவாசி இதனைக் கயிறு அவிழ்க்கும் ஒவ்வொரு நாளும் உணர்கிறான். கல்வீட்டில் வாழ்வோர்க்கு அது மறந்துபோகிறது. நமக்கும் ஒரு நாள் கயிறு அவிழும். அன்று பத்திரமும் திறவுகோலும் பின்தங்கிவிடும். அந்த வீட்டில் நாம் தந்த அமைதியும், அதன் வாசலில் நாம் தந்த தண்ணீருமே உடன்வரும்.

வல்ல நாயன் நம் இல்லங்களை அமைதியின் இருப்பிடங்களாக ஆக்கியருள்வானாக! வீடற்றோருக்கு வீட்டையும், வீடுடையோருக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.